அண்டார்க்டிகாவில் பென்குயினும் திமிங்கலமும் பார்த்துவிட்டு வீடு திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகா போவதற்கு என்ன உடை, எந்த மாதம், எந்தக் கப்பல் என்ற கேள்விகளுக்குப் பதில் எளிதாகக் கிடைக்கிறது. என்னிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் திரும்பி வருவது பற்றியவை. போய் வந்தவர்களும் கேட்கிறார்கள், பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பலரும் போகும் வழியையே மனதில் வைத்து எழுதுகிறேன்: ஆர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் கப்பல் ஏறி, அண்டார்க்டிக் தீபகற்பத்தில் சில நாட்கள் இருந்துவிட்டு, அதே ஊருக்குத் திரும்புவது. பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை.

கப்பல் காலையிலேயே கரைக்கு வந்துடும்னு சொல்றாங்க. அன்னிக்கே ஃப்ளைட் போட்டுடலாமா?

போடலாம், ஆனால் வேண்டாம் என்பேன். கப்பல்கள் வழக்கமாகக் கடைசி நாள் காலை உணவு முடிந்ததும் ஆட்களை இறக்கிவிடும். நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தைப் பிடிக்காதீர்கள் என்று கப்பல்காரர்களே சொல்வார்கள். அதெல்லாம் எல்லாம் சரியாக நடந்தால்தான். வழியில் கடல் கெட்டாலோ, யாருக்காவது உடம்பு முடியாமல் போய் அவரை இறக்க வேண்டி வந்தாலோ அரை நாள், ஒரு நாள் தள்ளிப்போகும்.

உஷுவாயாவிலிருந்து புவனோஸ் ஐரிஸ் போக மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கே இரண்டு விமான நிலையங்கள் உண்டு. உள்நாட்டு விமானங்கள் பல நகரத்துக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயில் இறங்கும். வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கும் எசெய்சாவிலிருந்து கிளம்பும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதலாவது தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. உஷுவாயாவில் ஓர் இரவு தங்குவதற்கான செலவு, தவறவிட்ட விமானத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. உள்நாட்டு விமானத்தில் லக்கேஜ் எடை வரம்பு குறைவாக இருக்கலாம், அதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆர்ஜென்டினா விசா ஒரு தடவை நுழையற மாதிரி இருந்தா போதாதா?

போதாது. கப்பல் உஷுவாயாவை விட்டதும் நீங்கள் ஆர்ஜென்டினாவை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா என்று கேளுங்கள், கப்பல் முன்பதிவுக் கடிதத்தையும் இணையுங்கள்.

போகும்போதே டிரேக்ல படாத பாடு பட்டாச்சு. திரும்பும்போதும் அப்படித்தானா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டிரேக் என்பது தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனைக்கும் அண்டார்க்டிகா பக்கம் உள்ள தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் அகலம் உள்ள கடல். அந்த அட்சரேகையில் பூமியைச் சுற்றி வரும் மேற்குக் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. நல்ல வானிலை இடைவெளி தெரிந்தால் கேப்டன் அரை நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவார். கடைசியாகக் கரையில் இறங்குவது ரத்தாகிவிட்டதே என்று அப்போது வருத்தப்படாதீர்கள். அந்த முடிவுக்காக இரண்டு நாள் கழித்து அவருக்கு நன்றி சொல்வீர்கள்.

தீபகற்பத்தின் கால்வாய்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். போகும்போது உடம்பு பழகிய பழக்கம் அதற்குள் விட்டுப்போகும். அதனால் குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போடாமல், தீவுகளின் மறைவை விட்டு வெளியே போவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். டிரேக்கே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. தெற்கு ஷெட்லாண்டின் கிங் ஜார்ஜ் தீவில் சிலியின் ஃப்ரே தளத்தில் உள்ள ஓடுபாதையிலிருந்து புன்டா அரேனாஸ் என்ற சிலி நகரம் வரை இரண்டு மணி நேர விமானம். மூடுபனி வந்தால் அதுவும் காத்துக்கிடக்க வைக்கும்.

திரும்பி வர்ற ரெண்டு நாள் வெறும் கடல்தானே? தூங்கிடலாமா?

தூங்கி எழுந்து மேல்தளத்துக்கு வாருங்கள். பென்குயின் பார்க்க வந்தவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இரண்டு நாட்களைத்தான். வாண்டரிங் ஆல்பட்ராஸ் இறக்கை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை வரும். கப்பலின் பின்னால் ஒருமுறைகூட இறக்கையை அசைக்காமல் அலைகளுக்கு மேல் சாய்ந்து சாய்ந்து அது வருவதைப் பின்தளத்தில் நின்றால் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளோடு கேப் பெட்ரல் பறவைக் கூட்டம் மணிக்கணக்காகக் கூடவே வரும்.

சின்னதாக, கறுப்பாக, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு தண்ணீரைக் காலால் தொட்டுத் தொட்டுப் போவது வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். ஒரு சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அண்டார்க்டிகாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வந்ததும் வடக்கே கிளம்பி அரபிக்கடல் வரை வருகிறது. கேரளக் கரையிலிருந்து படகில் போய் கடல்பறவை பார்ப்பவர்கள் இதே இனத்தைத்தான் பதிவு செய்கிறார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த உயிர் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பாதி வழியில் ஓரிடத்தில் கடல்நீரின் வெப்பநிலை சில டிகிரி சட்டென்று ஏறும். தெற்கின் குளிர்நீரும் வடக்கின் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லை அது. சட்டப்படி எல்லை வேறாக இருக்கலாம், உயிர்களைப் பொறுத்தவரை அண்டார்க்டிகா முடிவது இங்கேதான். வழிகாட்டிகளிடம் எப்போது கடக்கிறோம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உஷுவாயா இருக்கும் பீகிள் கால்வாய்க்குள் நுழைந்ததும் மகெல்லன் பென்குயின்களும் டால்பின்களும் தென்படும். கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கரைக்கு வந்து ஒரு நாள் ஆச்சு. குளிக்கும்போது கண்ணை மூடினா தரை ஆடுது. ஏதாவது பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. ஆடும் தளத்துக்குப் பழகிக்கொண்ட மூளை, ஆடாத தரைக்குத் திரும்பப் பழகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் சரியாகிவிடும். நன்றாக நடப்பது உதவும். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். அரிதாகச் சிலருக்கு இது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

கப்பலில் குமட்டல் வராமல் இருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைச் சில நாள் தொடர்ந்து போட்டிருந்தால், அதை எடுத்த பிறகும் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். அது மருந்தை நிறுத்தியதால் வருவது. பட்டையை எடுத்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மருந்து பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும்.

கடற்கரையில கோடிக்கணக்கா கிடக்கற கூழாங்கல்லுல ஒண்ணு எடுத்துட்டு வந்தா என்ன ஆகும்?

எடுக்கக் கூடாது. கல், எலும்பு, இறகு, முட்டையோடு, புதைபடிவம் எதையும். 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் பயணிகளுக்கு உள்ள விதி இது. இந்தியா 1983இலிருந்து அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2022இல் இதற்காகத் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. ஆக, வெளிநாட்டு விதி நமக்கு எதற்கு என்று ஒதுக்கவும் முடியாது.

சட்டத்தை விடுங்கள். ஜென்டூ, அடேலி, சின்ஸ்ட்ராப் என்ற மூன்று பென்குயின் இனங்களும் கூடு கட்டுவது அந்தக் கூழாங்கற்களால்தான். பனி உருகும்போது முட்டை நீரில் நனையாமல் காப்பது அந்தக் கல்மேடு. நல்ல கல்லுக்காக ஒன்று மற்றொன்றின் கூட்டில் திருடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போகிற இடம் அது. ஞாபகார்த்தமாக ஏதாவது வேண்டுமென்றால் தீபகற்பப் பகுதியில் பழைய பிரிட்டிஷ் நிலையமான போர்ட் லாக்ராயில் உள்ள கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேன்ட்லயும் பையிலயும் பென்குயின் நாத்தம் போகவே மாட்டேங்குது. எப்படிக் கழுவறது?

குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு சாதாரண சோப்புத் தூளில் இரண்டு முறை துவையுங்கள். எச்சம் இளஞ்சிவப்பாக இருப்பது அவை தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரால். அந்தக் கறையும் ஊறினால்தான் போகும். பூட்ஸை அநேகமாகக் கப்பலிலேயே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். சொந்த பூட்ஸ் என்றால் அடிப்பகுதியின் பள்ளங்களை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதை வெறும் நாற்றப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். கரையில் இறங்கும் முன் கப்பலில் உங்கள் உடையின் வெல்க்ரோவைக்கூட வேக்யூம் வைத்து உறிஞ்சியது, ஒட்டியிருக்கும் வெளியூர் விதைகள் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக. அண்டார்க்டிகாவுக்கு வருபவர்களின் துணிமணியை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, விதை ஒட்டியிருந்தவர்களிடம் தலைக்குச் சராசரியாக ஒன்பது பத்து விதைகள் இருந்ததாகச் சொன்னது. கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தைச் சுற்றி வெளியிலிருந்து வந்த புல் ஒன்று வேரூன்றி, அதைப் பிடுங்கி அழிக்க இன்றும் பாடுபடுகிறார்கள். அதே கவனம் திரும்பி வரும்போதும் தேவை. அந்த பூட்ஸோடு அடுத்து லடாக்கோ ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டோ போவதாக இருந்தால், பூட்ஸ் முழுக்கச் சுத்தமாகிக் காய்ந்த பிறகு போங்கள்.

அங்கே பறவைக் காய்ச்சல்னு சொன்னாங்களே. எனக்கு இப்ப சளி பிடிச்சிருக்கு. பயப்படணுமா?

பறவைக் காய்ச்சலின் ஹெச்5என்1 கிருமி 2023 அக்டோபரில் தெற்கு அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவுப் பகுதியில் ஸ்குவா பறவைகளிடம் உறுதியானது. 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் முதன்மை நிலப்பகுதியிலும் உறுதியானது. கரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது என்று வழிகாட்டிகள் கண்டிப்பாக இருந்தது இதனால்தான். பறவைகளிடமிருந்து மனிதருக்கு இது பெரும்பாலும் நோயுற்ற அல்லது செத்த பறவையோடு நெருங்கிப் பழகினால் வருகிறது. ஐந்து மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. விமானத்திலும் கப்பலிலும் அடைந்துகிடந்த பிறகு வரும் சளி, பெரும்பாலும் சாதாரணச் சளிதான்.

ஆனாலும் திரும்பிய பத்து நாளுக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். "அண்டார்க்டிகாவில் பறவைக் கூட்டங்களுக்கு அருகில் இருந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

அண்டார்க்டிகாவுல கொசுவே கிடையாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி எதுக்குங்க?

அண்டார்க்டிகாவுக்காக அல்ல, ஆர்ஜென்டினாவுக்காக. அந்நாட்டின் வடகோடியில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இருப்பதால், அபாயமுள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் நாடு முழுவதுமே சேர்க்கப்பட்டிருக்கிறது. உஷுவாயாவின் குளிரில் மட்டும் இருந்தேன் என்று சென்னை விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. பட்டியல் நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்து, ஊசி போட்ட சான்றிதழ் கையில் இல்லை என்றால், மீதி நாட்களுக்குத் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் ஏராளம், நோய் மட்டும்தான் இன்னும் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு, அது நியாயமானதும்கூட.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போட வேண்டாம். சிலி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சிலி வழியாக வந்தும் சாவ் பாவ்லோவில் விமானம் மாறினால், பிரேசில் பட்டியலில் இருப்பதால் கேள்வி வரலாம். சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், லக்கேஜில் போட்டுவிடாதீர்கள்.

பெரிய லென்ஸோட வர்றேன். கஸ்டம்ஸ்ல வரி கேப்பாங்களா?

அங்கே வாங்கியது என்று நினைத்தால் கேட்கலாம். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் கேமரா, லென்ஸ்களைக் காட்டி, வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. ஏற்கெனவே கிளம்பிவிட்டீர்களா? பழைய பில்லின் நகலைக் கைபேசியில் வைத்திருங்கள், பேசவாவது உதவும். லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும்.

மூவாயிரம் போட்டோ இருக்கு. எல்லாம் பென்குயின். என்ன செய்யறது?

முதலில் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். அடுத்து கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆர்ஜென்டினா நேரம் நம் நேரத்துக்கு எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருந்திருந்தால், மதியம் மூன்றரைக்குப் பின் எடுத்த படங்களெல்லாம் மறுநாள் தேதியில் கிடக்கும். மென்பொருளில் மொத்தமாக நேரத்தை நகர்த்திவிடலாம். கப்பல்காரர்கள் கடைசியில் தரும் பயணக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தோம் என்று இருக்கும். அதைப் படங்களோடு சேர்த்து வையுங்கள். நாளும் இடமும் சரியாக உள்ள படம் ஆராய்ச்சியாளருக்குத் தரவு. அவை இல்லாத படம் நமக்கு மட்டும் நினைவு.

பிறகு பென்குயினை விட்டுவிட்டுத் திமிங்கலங்களைத் தேடுங்கள். ஹம்பேக் மூழ்கும்போது வாலைத் தூக்கும் அல்லவா, அந்த வாலின் அடிப்பக்கம் தெரியும் படங்களைத் தனியே எடுத்து திமிங்கலங்களை அடையாளம் காணும் ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றுங்கள். கறுப்பு வெள்ளைக் கோலமும் விளிம்பின் வெட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு. படம் மங்கலாக இருந்தாலும் கோலம் தெரிந்தால் போதும். பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். நடுக்கடல் பட்டியல்கள் குறைவாகவே வருகின்றன என்பதால் டிரேக்கில் நின்று எண்ணியவை மதிப்புள்ளவை.

ஏத்தின பிறகு நம்ம திமிங்கலம் யாருன்னு சொல்வாங்களா?

சொல்வார்கள். 2015இல் தொடங்கிய அந்தத் தளம் கணினி மூலம் வால் படங்களை ஒப்பிடுகிறது. பழைய பதிவோடு பொருந்தினால், அது இதற்கு முன் எங்கே, எப்போது பார்க்கப்பட்டது என்று மின்னஞ்சல் வரும். பின்னால் வேறு யாராவது பார்த்தாலும் தகவல் வரும். தீபகற்பத்தில் கோடையில் மேயும் ஹம்பேக்குகள் குட்டி போடப் போவது கொலம்பியா, ஈக்வடார், பனாமா, கோஸ்டா ரிகா கரைகளுக்கு. ஒருவழியிலேயே எட்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் பயணம் அது. இப்படிப் பலரும் ஏற்றிய படங்களிலிருந்துதான், 2013இல் கொலம்பியாவில் பதிவான ஓர் ஆண் திமிங்கலம் 2022இல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கம் வந்திருந்தது தெரிந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே 13,000 கிலோமீட்டர்.

போர்ட் லாக்ராயில போட்ட போஸ்ட்கார்டு இன்னும் வரலையே. தொலைஞ்சிடுச்சா?

பொறுங்கள். அங்கிருந்து ஏதாவது கப்பல் அதை ஃபாக்லாந்து தீவுகளுக்கு எடுத்துப் போக வேண்டும், அங்கிருந்து பிரிட்டன், பிறகு இந்தியா. நீங்கள் வந்து மாதங்கள் ஆன பிறகு வருவது சகஜம்.

வந்ததுலேர்ந்து வேலையில மனசு ஒட்டல. ராத்திரி தூக்கமும் இல்ல. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை, பலரும் சொல்வதுதான். தூக்கத்துக்குக் காரணம் எளிது. டிசம்பர், ஜனவரியில் அங்கே இரவு முழுதாக இருட்டுவதே இல்லை. அதோடு எட்டரை மணி நேர வித்தியாசமும் சேர்கிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் நடந்து, பகல் தூக்கத்தைத் தவிர்த்தால் ஒரு வாரத்துக்குள் சீராகும்.

மனசு விஷயத்துக்கு நான் சொல்வது, பேசுங்கள். அருகில் ஏதாவது பள்ளியில் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். பனிக்கரடி ஏன் அங்கே இல்லை, எம்பரர் பென்குயினை ஏன் பார்க்கவில்லை என்பதில்தான் பிள்ளைகள் தொடங்குவார்கள். கரடி வடதுருவத்தில் மட்டும்தான். எம்பரர் கூட்டங்கள் பெரும்பாலும் நம் கப்பல் போகும் பாதைக்கு வெகு தெற்கே, கடல்பனி மீது இருக்கின்றன. நம் நாட்டின் மைத்ரி, பாரதி ஆராய்ச்சி நிலையங்கள் கண்டத்தின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதையும் வரைபடத்தில் காட்டுங்கள். நீங்கள் போன தீபகற்பத்திலிருந்து அவை எவ்வளவு தூரம் என்று பார்த்து அவர்களே அசந்துபோவார்கள்.

உண்மையைச் சொல்லுங்க. நாம போனதே அந்த இடத்துக்குக் கெடுதல்தானே?

கெடுதல் உண்டு. 2023-24 பருவத்தில் 1,20,000 பேருக்கு மேல் போனார்கள். கப்பல் புகையின் கரி பனியில் படிந்து அதைக் கருமையாக்குகிறது. கருத்த பனி சீக்கிரம் உருகும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, பயணி ஒருவருக்குச் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகுவதாக மதிப்பிட்டது. நம்மூரிலிருந்து போய்வரும் விமானங்களின் கணக்கு தனி. இதை மறைத்துவிட்டு "நான் இயற்கையை நேசிக்கிறேன்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

விதிகளும் உண்டு. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேருக்கு மேல் இறங்க முடியாது, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கக் கூடாது. இவை சேதத்தைக் குறைக்கின்றன, இல்லாமல் ஆக்குவதில்லை. ஒருமுறை போனவர்கள் மறுபடி போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டது. மேலே சொன்ன படங்களையும் பட்டியல்களையும் ஏற்றாமல் வன்தட்டில் போட்டு வைத்தால், அந்தச் சேதத்துக்கு ஈடாக யாருக்கும் எதுவும் கிடைக்காது.

படம் ஒண்ணும் உருப்படியா இல்ல. வீட்டுல இருந்தே வேற ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், போகாதவர்களும் செய்யலாம். தீபகற்பத்தில் பல பென்குயின் கூட்டங்களுக்கு முன்னால் தானியங்கி கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அவை எடுத்துக் குவிக்கும் படங்களில் பெரியவை எத்தனை, குஞ்சு எத்தனை, முட்டை எத்தனை என்று எண்ண ஆள் வேண்டும். அதற்காக 2014இல், பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில் தொடங்கியதுதான் பென்குயின் வாட்ச். தீபகற்பத்தில் ஜென்டூ பெருகி அடேலியும் சின்ஸ்ட்ராப்பும் குறைந்துவரும் காலம் இது. எந்தக் கூட்டம் எவ்வளவு என்ற எண்ணிக்கை உண்மையிலேயே தேவைப்படுகிறது. கணக்குத் தொடங்காமலும் எண்ணலாம், ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் செய்யலாம். நீங்கள் போகும் நேரத்தில் படங்கள் எண்ணி முடிந்திருந்தால், அடுத்த தொகுதி வரும்வரை அதே தளத்தில் மற்ற விலங்குகளுக்கான திட்டங்கள் இருக்கும்.